‘லி’யை நம்பாதீர்கள்

(நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்றாட இங்கிலீஷில் அட்ஜெக்டிவ் எது, அட்வெர்ப் எது என்று பிரித்தறிவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் படித்துவிட்டும் வந்திருக்கிறீர்களே, உங்கள் துணிச்சலை முதலில் பாராட்டிவிடுகிறேன்.

தமிழில் இவற்றைப் பெயரடை, வினையடை என்கிறோம். பெயருக்கு அடையாக வருவது பெயரடை. வினைக்கு அடையாக வருவது வினையடை. அது இன்னொரு அடைக்கும் அடையாக வரும், சில சமயம் முழு வாக்கியத்துக்கும் வரும். விளக்கம் இவ்வளவுதான். பரீட்சையில் இதை எழுதி எல்லோரும் மார்க் வாங்கிவிடுகிறோம். பிறகு பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்தவர் ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்லி’ என்கிறார். ‘த சாம்பார் டேஸ்ட்ஸ் நைஸ்லி’ என்கிறார். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது ‘ஐ ஒர்க்ட் வெரி ஹார்ட்லி’ என்று பெருமையாக எழுதி அனுப்புகிறார். இவர்களுக்கு விளக்கம் தெரியாமல் இல்லை. இரண்டு இடங்களில் கால் வழுக்குகிறது. ஒன்று பள்ளிக்கூடத்தில் கற்ற குறுக்குவழி. மற்றது நம் தாய்மொழி. இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதில் இரண்டாவதைப் பற்றி அதிகமாகப் பேசுவேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

முதலில் குறுக்குவழி. ‘சொல்லின் கடைசியில் லி இருந்தால் அட்வெர்ப்’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஸ்லோ’ அட்ஜெக்டிவ், ‘ஸ்லோலி’ அட்வெர்ப். ‘ப்யூட்டிஃபுல்’ அட்ஜெக்டிவ், ‘ப்யூட்டிஃபுலி’ அட்வெர்ப். இது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’, ‘எல்டர்லி’, ‘லைவ்லி’, ‘கௌவர்ட்லி’, ‘அக்லி’, நம் கடைத்தெருவில் சக்கைப்போடு போடும் ‘காஸ்ட்லி’ என்று எத்தனையோ சொற்கள் லியில் முடிகின்றன. எல்லாம் அட்ஜெக்டிவ். ‘ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ என்று சொல்ல முடியாது. ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் வர வேண்டும். ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘மன்த்லி’, ‘எர்லி’ ஆகியவை இரண்டு பக்கமும் நிற்கும். ‘டெய்லி பேப்பர்’ என்றால் பெயரடை, ‘பேப்பர் டெய்லி வருகிறது’ என்றால் வினையடை. மறுபக்கம் ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘லேட்’, ‘ஹை’, ‘ஸ்ட்ரெய்ட்’ எல்லாம் லி இல்லாமலேயே அட்வெர்பாக வேலை பார்க்கின்றன. ‘ஃபாஸ்ட்லி’ என்றொரு சொல் இன்றைய இங்கிலீஷில் இல்லவே இல்லை.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? பழைய இங்கிலீஷில் ‘லீச்’ என்றொரு சொல் இருந்தது. உடல், உருவம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்று பிணத்தைக் குறிக்கிறது. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் கல்லறைத் தோட்டத்து வாசலில் கூரை போட்ட ஒரு நுழைவாயில் இருக்கும். சவப்பெட்டியை அங்கே இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருப்பார்கள். அந்த வாசலுக்கு ‘லிச்கேட்’ என்று பெயர். அதிலிருப்பதும் இதே சொல்தான். இந்தச் சொல்லைப் பெயரோடு ஒட்டினால் ‘அந்த உருவம் கொண்ட’ என்று பெயரடை கிடைத்தது. நண்பனின் உருவம் கொண்டது ‘ஃப்ரெண்ட்லி’. அதோடு கடைசியில் இன்னோர் ‘எ’ ஒலியைச் சேர்த்தால் வினையடை ஆனது. லி வராத சொற்களுக்கும் அப்படித்தான். ‘ஹார்ட்’ என்பதன் பழைய வடிவத்தோடு ‘எ’ சேர்ந்தால் ‘கடினமாக’. ஆக, அன்று இரண்டையும் பிரித்துக் காட்டியது கடைசியில் வந்த அந்தச் சின்ன ‘எ’. நூற்றாண்டுகள் போகப்போகப் பேச்சில் அது தேய்ந்து மறைந்தது. மறைந்ததும் ‘ஃப்ரெண்ட்லி’ பெயரடையாகவே தங்கிவிட்டது, ‘ஸ்லோலி’ வினையடையாகத் தங்கிவிட்டது, ‘ஹார்ட்’ ஒரே உருவில் இரண்டு வேலையும் பார்க்க ஆரம்பித்தது. எனவே லி என்பது சொல்வகையைக் காட்டும் முத்திரை அல்ல. அதை வைத்துச் சொல்லை அடையாளம் காண முயல்வது பாதி நேரம் ஏமாற்றும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சொல் எதன்மேல் சாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

இலக்கண வரலாற்றில் ஒரு சின்ன விஷயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த டயோனிசியஸ் த்ராக்ஸ் என்ற கிரேக்க இலக்கணக்காரர் சொற்களை எட்டு வகையாகப் பிரித்தார். அந்த எட்டில் அட்வெர்ப் உண்டு, அட்ஜெக்டிவ் இல்லை. அதைப் பெயரின் ஒரு பிரிவாகவே வைத்தார். கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது பெயரைப் போலவே வேற்றுமை ஏற்று வந்ததால் அப்படிச் செய்தார்கள். நம் தொல்காப்பியமோ பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரித்தது. உரிச்சொல் பெயரோடும் வரும், வினையோடும் வரும். ‘மாமலை’யில் பெயரைத் தொடுகிறது, ‘நனி மகிழ்ந்தான்’ என்பதில் வினையைத் தொடுகிறது. பெயரடைக்கு ஒரு வீடு, வினையடைக்கு ஒரு வீடு என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று இந்தப் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனவே இந்த வித்தியாசம் பிடிபடவில்லை என்று எந்த மாணவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 

இப்போது இரண்டாவது வழுக்கலுக்கு வருகிறேன். தமிழில் ‘அழகு’ என்ற சொல்லோடு ‘ஆன’ சேர்த்தால் பெயரடை: அழகான வீடு. ‘ஆக’ சேர்த்தால் வினையடை: அழகாகப் பாடினாள். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்! இங்கிலீஷ்காரர்கள் தொலைத்துவிட்ட அந்த வேறுபாடு நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. இதை வைத்து, ‘ஆன’ வந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ வந்தால் அட்வெர்ப் என்று மனத்துக்குள் நாமே ஒரு சூத்திரம் போட்டுக்கொள்கிறோம். யாரும் கற்றுத்தரவில்லை, தானாகவே படிந்துவிடுகிறது.

ஆனால் ‘வீடு அழகாக இருக்கிறது’ என்கிறோமே, அங்கே என்ன செய்வது? ‘ஆக’ வந்திருக்கிறது. ‘இரு’ வினைச்சொல். தமிழ்க் கணக்கில் அது வினையைத்தான் தொடுகிறது. இங்கிலீஷில் ‘த ஹவுஸ் இஸ் ப்யூட்டிஃபுல்’. அங்கே லி வராது. ஏனென்றால் அந்த ‘இஸ்’ எந்தச் செயலையும் செய்யவில்லை. வீட்டையும் அழகையும் சேர்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ‘ப்யூட்டிஃபுல்’ என்ற சொல் அந்த ‘இஸ்’ஸைத் தாண்டிப்போய் வீட்டின்மேல் சாய்கிறது.

‘இஸ்’, ‘வாஸ்’ வரும் இடங்களில் நாம் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறோம். ‘த ரோஸ் இஸ் ரெட்லி’ என்று யாரும் சொல்வதில்லை. ரோஜா சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் வாயில் ‘ரெட்’ என்றுதான் வரும். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. மாட்டிக்கொள்வது எங்கே என்றால், ‘இஸ்’ வேறு வேஷத்தில் வரும்போது. ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘சவுண்ட்’, ‘ஃபீல்’ என்ற ஐந்தும் ஐம்புலனுக்கு உரிய வினைகள். இவற்றோடு ‘சீம்’, ‘பிகம்’, ‘ஸ்டே’, ‘கெட்’, ‘டர்ன்’ என்ற கூட்டமும் சேரும். மல்லிகை இனிமையாக மணக்கிறது என்று நினைத்துக்கொண்டு ‘ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி’ என்று மொழிபெயர்க்கிறோம். மல்லிகைக்கு மூக்கு இல்லை. அது மோப்பம் பிடிக்கும் செயல் எதையும் செய்யவில்லை. இனிமை பூவுக்கு உரியது. ‘ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பதே சரி.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். வாக்கியம் பெரிதாகக் கெடாமல் நின்றால் அங்கே அட்ஜெக்டிவ்தான் வேண்டும். ‘த சாம்பார் டேஸ்ட்ஸ் குட்’, ‘த சாம்பார் இஸ் குட்’. நிற்கிறது. இதே ‘டேஸ்ட்’டை வைத்து இன்னொரு வாக்கியம்: சமையல்காரர் சாம்பாரைக் கவனமாக ருசி பார்த்தார். ‘த குக் டேஸ்டட் த சாம்பார் கேர்ஃபுலி.’ இங்கே ‘இஸ்’ போட்டால் சமையல்காரரே சாம்பார் ஆகிவிடுவார். அவர் ஒரு செயலைச் செய்கிறார். கவனம் அந்தச் செயலுக்கு உரியது. அதனால் லி வருகிறது. ஒரே வினை, ஒரே சாம்பார், இரண்டு வாக்கியம்.

‘லுக்’கும் அப்படித்தான். ‘ஷி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவள் முகத்தைப் பார்த்தால் கோபமாக இருப்பதுபோலத் தெரிந்தது. ‘ஷி லுக்ட் ஆங்ரிலி அட் மி’ என்றால் என்னைக் கோபமாகப் பார்த்தாள். முதல் வாக்கியத்தில் பார்ப்பது நாம், இரண்டாவதில் பார்ப்பது அவள். தமிழில் இரண்டுக்கும் ‘கோபமாக’ என்ற ஒரே சொல் போதும். வேறுபாட்டை வினை பார்த்துக்கொள்ளும். இங்கிலீஷில் வினை ஒன்றாக இருப்பதால் வேறுபாட்டை அடைதான் சுமக்க வேண்டியிருக்கிறது. 

இன்னொன்று. ‘ஹி கேம் ஹோம் டயர்ட்’. களைப்பாக வீட்டுக்கு வந்தார். ‘கேம்’ என்பது நல்ல செயல் வினை. அப்படியிருந்தும் ‘டயர்ட்’ பெயரடையாகவே நிற்கிறது, ஏனென்றால் களைத்தது வருகை அல்ல, வந்த மனிதர். ‘தே மேரீட் யங்’ என்பதும் இப்படித்தான். வினை எந்த ரகம் என்பதைவிடச் சாய்வு எந்தப் பக்கம் என்பதே கடைசியில் தீர்மானிக்கிறது.

இதில் இன்றைய நம் பேச்சுத் தமிழ் இன்னொரு காரியம் செய்கிறது. இங்கிலீஷ் அட்ஜெக்டிவை எடுத்து, லியைத் தொடாமல், நம்முடைய ‘ஆக’வைச் சுருக்கி ‘ஆ’ என்று ஒட்டிவிடுகிறது. ‘ஸ்லோவா போங்க’, ‘கரெக்டா சொன்னீங்க’, ‘நீட்டா எழுது’, ‘கேஷுவலா கேட்டேன்’. அருமையான ஏற்பாடு. கடன் வாங்கிய சொல்லுக்கு நம் விகுதியைப் போட்டு நம் இலக்கணத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம். இதைக் கலப்படம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது மொழியின் சாமர்த்தியமாகத்தான் தெரிகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நாள் முழுக்க ‘கரெக்டா’, ‘நீட்டா’ என்று பேசிவிட்டு இங்கிலீஷுக்கு மாறும்போது அந்த ‘ஆ’வை மட்டும் கழற்றிப் போடுகிறோம். மிச்சம் நிற்பது ‘ஸ்பீக் கரெக்ட்’, ‘ரைட் நீட்’. லி வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

‘சீரியஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பையன் இந்த வருஷம் சீரியஸா படிக்கிறான்.’ ‘பெரியப்பா ஆஸ்பத்திரியில சீரியஸா இருக்காரு.’ தமிழில் இரண்டும் ‘சீரியஸா’. முதலாவது படிக்கும் விதத்தைச் சொல்கிறது. இங்கிலீஷில் ‘ஸ்டடீஸ் சீரியஸ்லி’. இரண்டாவது பெரியப்பாவின் நிலையைச் சொல்கிறது. ‘இஸ் சீரியஸ்’ என்றால் நம் ஊரில் புரியும், ‘இஸ் சீரியஸ்லி இல்’ என்றால் எங்கும் புரியும். அந்தக் கடைசித் தொடரைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘இல்’ என்பது நோயைக் குறிக்கும் அட்ஜெக்டிவ். அதன்மேல் சாய்வது ‘சீரியஸ்லி’ என்ற அட்வெர்ப். அடைக்கு அடையாக வருவது அட்வெர்ப்தான் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அது இதுதான். ‘ரியலி குட்’, ‘டெரிப்ளி சாரி’ எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. அமெரிக்கப் பேச்சில் ‘ரியல் குட்’ என்று லியை விழுங்கிவிடுவதும் உண்டு. கேட்கலாம், பரீட்சையில் எழுத வேண்டாம். ‘டெரிப்ளி’ என்றால் பயங்கரமாக, பயங்கரமாக வருந்துகிறார்களாம். நாமும் ‘பாயசம் பயங்கரமா நல்லா இருக்கு’ என்கிறோம். மிகுதியைச் சொல்லப் பயத்தைத் துணைக்கு அழைப்பதில் இரண்டு மொழிக்கும் வித்தியாசம் இல்லை.

‘நல்லா’ என்று சொன்னதும் ‘குட்’, ‘வெல்’ சண்டைக்கு வந்தாக வேண்டும். நம்முடைய ‘நல்லா’ ஒரு சகலகலா வல்லவர். நல்லா பாடினாள், நல்லா இருக்கு, நல்லா இருக்கேன். இங்கிலீஷில் மூன்றும் மூன்று வழி. பாடியது செயல், ஆகவே ‘ஷி சாங் வெல்’. பாட்டு நல்லா இருக்கு என்றால் ‘த சாங் இஸ் குட்’. நான் நல்லா இருக்கேன் என்பதற்கு ‘ஐ ஆம் வெல்’, ‘ஐ ஆம் ஃபைன்’, ‘ஐ ஆம் குட்’ மூன்றும் காதில் விழுகின்றன. இங்கே ‘வெல்’ வினையடை அல்ல. உடல்நலத்தைச் சொல்லும்போது ‘வெல்’ அட்ஜெக்டிவாகிவிடுகிறது, ‘இல்’லுக்கு எதிர்ப்பதம். ‘ஐ ஆம் குட்’ என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘ஆம்’முக்குப் பிறகு அட்ஜெக்டிவ் வருவது முறைதான். நடையில் கொஞ்சம் சகஜம், அவ்வளவே. ஆனால் பரீட்சை எழுதிவிட்டு வந்து ‘ஐ டிட் குட்’ என்றால், கண்டிப்பான காதுக்கு, நீங்கள் தேர்வுக் கூடத்தில் யாருக்கோ நல்லது செய்துவிட்டு வந்ததாக அர்த்தம். ‘டூயிங் குட்’ புண்ணியக் காரியம். ‘டூயிங் வெல்’ நம் காரியம் நன்றாக நடப்பது.

இதற்கு நேர் எதிர்த் தவறு படித்தவர்கள் செய்வது. ‘ஐ ஃபீல் பேட்லி அபவுட் இட்’ என்பார்கள். லி போட்டால் இலக்கணம் சுத்தமாக இருக்கும் என்ற நினைப்பு. ‘ஃபீல்’ இங்கே ‘இஸ்’ஸின் வேஷம். ‘ஐ ஃபீல் பேட்’ போதும். ‘ஃபீல் பேட்லி’யை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் விரல்களுக்குத் தொடுவுணர்ச்சி சரியில்லை என்று ஆகும். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் நிறையப் பேர் விழுகிறார்கள் என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

லி சேர்ந்தால் பொருளே வேறாகும் சொற்கள் சில இருக்கின்றன. இவை ஆபத்தானவை, ஏனென்றால் பிழை பிழையாகத் தெரியாது. ‘ஹார்ட்லி’ என்றால் ‘கடினமாக’ அல்ல. ‘ஏறக்குறைய இல்லவே இல்லை’. முன்னே சொன்னேனே, விண்ணப்பத்தில் எழுதியவர், அவர் ‘நான் கடினமாக உழைத்தேன்’ என்று சொல்ல வந்தார். ‘ஐ ஹார்ட்லி ஒர்க்ட்’ என்று இடம் மாற்றி எழுதியிருந்தால், வேலையே செய்யவில்லை என்று தானே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகியிருக்கும். ‘லேட்’டாக வந்தவன் ‘கேம் லேட்’. ‘லேட்லி’ என்றால் ‘சமீப காலமாக’. ‘நியர்’ பக்கம், ‘நியர்லி’ கிட்டத்தட்ட. பட்டம் ‘ஹை’யாகப் பறக்கும், ஒருவரைப் பற்றி ‘ஹைலி’ என்று உயர்வாகப் பேசலாம். உணவகத்தில் ‘கிட்ஸ் ஈட் ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் பிள்ளைகளுக்குக் காசு வாங்கமாட்டார்கள். ‘கிட்ஸ் ஈட் ஃப்ரீலி’ என்றால் தடையில்லாமல் சாப்பிடுவார்கள், பில் வரும்.

கடைப் பலகைகளில் பார்க்கும் இன்னொன்று ‘ஓபன் எவ்ரிடே’. ஒரே சொல்லாக எழுதினால் அது ‘அன்றாட’ என்ற அட்ஜெக்டிவ். ‘எவ்ரிடே இங்கிலீஷ்’ என்பதில் அது பொருந்தும். தினமும் கடை திறந்திருக்கிறது என்றால் இரண்டு சொல்லாகப் பிரித்து ‘எவ்ரி டே’ என்று எழுத வேண்டும். ஒரு சின்ன இடைவெளி விட்டால் அடையின் சாய்வே மாறிவிடுகிறது.

இப்போது எனக்குப் பிடித்த சச்சரவு ஒன்று. நம் சாலைகளில் ‘ஸ்கூல் அஹெட், கோ ஸ்லோ’ என்று பலகை இருக்கிறது. இது தப்பு, ‘கோ ஸ்லோலி’ என்று இருக்க வேண்டும் என்று அக்கறையோடு திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னோடி ராபர்ட் லௌத். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனார். 1762இல் அவர் வெளியிட்ட சிறிய இலக்கணப் புத்தகம் அந்த நூற்றாண்டில் மிகவும் செல்வாக்கோடு இருந்தது. சொற்களை ஒன்பது வகையாக்கி அட்ஜெக்டிவுக்குத் தனி இடம் கொடுத்த புத்தகம் அது. அட்ஜெக்டிவை அட்வெர்பாகப் பயன்படுத்துவது இங்கிலீஷின் இயல்புக்குப் பொருந்தாது என்று அதில் தீர்ப்புச் சொன்னார். அத்தோடு விட்டாரா? குற்றவாளிக் கூண்டில் ஷேக்ஸ்பியரையும் டிரைடனையும் நிறுத்தினார். அவர்கள் எழுதியது அவர்கள் காலத்து வழக்கம். தேய்ந்துபோன அந்தப் பழைய ‘எ’ ஒலி விட்டுச்சென்ற வழக்கம் அது. பிஷப் அந்த வரலாற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு வந்த பள்ளி இலக்கணங்கள் அவரைப் பின்பற்றின. நம் வகுப்பறை வரை அந்தத் தீர்ப்பு வந்து சேர்ந்திருக்கிறது.

‘கோ ஸ்லோ’ பிழையல்ல என்பது என் கட்சி. அகராதிகளும் ‘ஸ்லோ’வை அட்வெர்பாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் ஓடாது. போகும் வேகத்தைச் சொல்லும் ‘கோ’, ‘டிரைவ்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும். ‘ஹி ஸ்லோ ஓபன்ட் த டோர்’ என்று வினைக்கு முன்னால் வராது, அங்கே ‘ஸ்லோலி’தான்.

1997இல் ஆப்பிள் கம்பெனி ‘திங்க் டிஃபரன்ட்’ என்று விளம்பரம் செய்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. ‘டிஃபரன்ட்லி’ என்று இருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். அதை ஒரு பெயர்ச்சொல்போல எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. ‘திங்க் பிக்’ என்று பேச்சில் சொல்வதில்லையா, அதன் சாயலும் அதில் இருக்கிறது என்றார். அவர் சொன்னதை ஏற்கிறேன். எப்படி நினைப்பது என்று அந்த விளம்பரம் சொல்லவில்லை, எதை நினைப்பது என்று சொல்கிறது. ‘டிஃபரன்ட்லி’ போட்டிருந்தால் அது இலக்கணப் புத்தகத்துப் பயிற்சி வாக்கியமாகப் போயிருக்கும்.

ஒலிம்பிக் குறிக்கோளிலும் இந்த விஷயம் ஒளிந்திருக்கிறது. ஹென்றி டிடோன் என்ற டொமினிக்கன் பாதிரியாரின் சொற்களை 1894இல், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபர்த்தான் எடுத்துக்கொண்டார்: ‘சிட்டியஸ், அல்டியஸ், ஃபோர்ட்டியஸ்’. லத்தீனில் மூன்றும் வினையடை. இங்கிலீஷில் ‘ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்’ என்கிறார்கள். ‘ஃபாஸ்டர்’, ‘ஹையர்’ இரண்டும் வினையடையாகவும் நிற்கும். ஓடுவதையும் தாண்டுவதையும் சொல்லும். ‘ஸ்ட்ராங்கர்’ பொதுவாக அப்படி நிற்காது, அது பெயரடை. செயலைச் சொல்ல வந்த மூன்றாவது சொல் மொழிபெயர்ப்பில் ஆளைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. 2021இல் ‘ஒன்றுசேர்ந்து’ என்ற பொருளில் நான்காவதாக ஒரு சொல்லைச் சேர்த்தார்கள், லத்தீனில் ‘கம்யூனிட்டர்’. அதுவும் வினையடையே.

வாக்கியம் முழுவதின்மேலும் சாயும் அட்வெர்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ‘ஃப்ராங்க்லி, ஐ டோன்ட் நோ’ என்னும்போது ‘ஃப்ராங்க்லி’ எந்த ஒரு சொல்லையும் தொடவில்லை; பேசுகிறவரின் மனநிலையைச் சொல்லிவிட்டு வாக்கியத்தின் தலைவாசலில் நிற்கிறது. ‘ஹோப்ஃபுலி இட் வில் ரெய்ன்’ என்பதை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் இலக்கணக்காரர்கள் சண்டை போட்டார்கள். மழையா நம்பிக்கையோடு பெய்கிறது என்று கேட்டார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2012இல் அதை ஏற்றுக்கொண்டது. சண்டை ஓய்ந்த மாதிரிதான். நம்மூர் ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலா’, ‘ஜெனரலா’ மூன்றும் இந்த ரகம். எந்தச் சொல்லின்மேலும் சாயாமல், வாயைத் திறப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவது போல வருகின்றன. ஆக்சுவலா, அவை இல்லாமலும் பேசலாம்.

கடைசியாக, லீவ் லெட்டர். ஆசிரியர்கள் இத்தனை பேர் வந்திருக்கும்போது இதைச் சொல்லாமல் போகக் கூடாது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் எழுதிய கடிதம் அது. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு க்ராண்ட் மி லீவ்.’ இதில் ‘கைண்ட்லி’ எதன்மேல் சாய்கிறது? ‘ரிக்வெஸ்ட்’டின்மேல். ரிக்வெஸ்ட் செய்வது யார்? காய்ச்சலில் படுத்திருக்கும் மாணவன். ஆக, கருணையோடு நடந்துகொள்வது அவன்! ‘தலைமை ஆசிரியர் அவர்களே, பெரிய மனது பண்ணி உங்களிடம் லீவ் கேட்கிறேன்’ என்று அவன் சொல்கிறான். அவன் சொல்ல வந்தது ஆசிரியர் தயவுகூர்ந்து லீவ் தர வேண்டும் என்பது. தயவு தருகிறவரின் செயலில் இருக்க வேண்டும். ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி க்ராண்ட் மி லீவ்’ என்று அந்த ஒரு சொல்லை மூன்று சொல் தள்ளி வைத்தால் கருணை போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேரும். இதே ‘கைண்ட்லி’ ‘எ கைண்ட்லி ஓல்ட் மேன்’ என்று பெயரடையாகவும் வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். லியை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சி.

அந்தக் கடிதத்தின் அடியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று போடுகிறோம். பெரியவர்களானதும் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ ஆகிறது. அங்கே ஏன் லி என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ஒரு காலத்தில் கடிதங்கள் ‘நான் விசுவாசத்தோடு தங்களுடையவனாக இருக்கிறேன்’ என்ற முழு வாக்கியத்தோடு முடிந்தன. வாக்கியம் சுருங்கிச் சுருங்கி இரண்டு சொல் மிஞ்சியது. மிஞ்சியதில் ஒன்று வினையடை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘அட்ஜெக்டிவை அடிக்கோடிடுக’ என்ற கேள்விக்குப் பதிலாக, ‘இந்தச் சொல் எந்தச் சொல்லின்மேல் சாய்கிறது, அம்புக்குறி போடுக’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். லியை எண்ணி மார்க் வாங்கும் பிள்ளை அங்கே யோசிக்க ஆரம்பிக்கும். அடுத்த தடவை லீவ் லெட்டர் மாதிரியைக் கரும்பலகையில் எழுதும்போது அந்தக் ‘கைண்ட்லி’யைத் தயவுசெய்து இடம் மாற்றி எழுதுங்கள்.